ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் சர்வர் பெட்டியைத் திறந்த வரலாறு

சிவகாசி
2.8.2025

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு, மாமனார் ஊர்க்காவலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். சென்னையில் தாங்களும் மகள் ஆர்த்தியும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. போன் என்றால் நான் இரண்டாவது வாக்கியம் பேசுவதற்குள் "மாமா, மாமா, ஒரு நிமிஷம்" என்று தாங்கள் குறுக்கே விழுவீர்கள். கடிதத்தில் அது முடியாது.

விஷயம் இதுதான். தாங்கள் பார்சலில் அனுப்பிய இரண்டு பிராசசரும் எட்டு மெமரியும் நான் இப்போது வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனி சர்வருக்குள் ஏறிவிட்டன. ஏற்றியது நான்!

"நான் வர்ற வரைக்கும் பெட்டியத் தொடாதீங்க" என்று தாங்கள் சொன்னது காதிலேயே இருக்கிறது. ஆனால் தங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, மதுரை இன்ஜினியரோ ஆடி இருபதுக்குத்தான் வருவேன் என்கிறார். ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் புது வருஷ காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடாத கம்பெனிக்கு அப்புறம் ஆர்டர் எங்கிருந்து வரும்? எங்கள் சர்வரில் ஒரு முருகன் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் டீ குடித்துத் திரும்பினால், மயிலின் கழுத்து வரைக்கும்தான் வந்திருக்கும். முதலாளியம்மா யோகேஸ்வரி, புருசன் போன பெறகு ஒத்தையில கம்பெனிய நடத்துறவுக, "அண்ணாச்சி, இந்த வருசத்தோட மூடிற வேண்டியதுதான்"னு சொல்லிக் கண்ணத் தொடச்சாக. எனக்கு மனசு கேக்கல மாப்பிள்ளை. "மூடுறதாவது! பெட்டியத் தொறப்போம்"னேன்.

நீங்க ஒடம்புக் கரண்டு பட்டா மெமரி செத்துரும்னு பயங்காட்டுனீகள்ல? எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில இருபத்தெட்டு வருசம் போர்மேனா இருந்தவன்கிட்டயா இதச் சொல்றது? மருந்து கலக்குற ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால செம்புத் தகட்டத் தொட்டு, ஒடம்புல இருக்குற கரண்ட எறக்கிட்டுத்தான் நாங்க காலெடுத்து வைப்போம். மெமரி செத்தா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம், எங்க ஷெட்டுல அந்த வசதி கிடையாது. அதனால மொத வேலையா சர்வர் ரூம் வாசல்ல ஒரு செம்புத் தகட்ட அடிச்சு, எர்த் கம்பி குடுத்து, தொட்டுட்டுத்தான் வரணும்னு சட்டம் போட்டேன். முதலாளியம்மா நைலான் சேலையில வந்தாக. "நில்லுங்க, பருத்திச் சேலையில வாங்க"ன்னேன். முதலாளியவே வாசல்ல நிப்பாட்டுன ஒரே ஆளு இந்த ஊர்ல நானாத்தான் இருப்பேன். அவுகளும் முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்குப் போயி சுங்குடிச் சேலையில வந்தாக.

தொணைக்கு எங்க டிசைனர் பீவி ஜான். மூடியக் கழட்ட நான் அரை மணி நேரம் திருகாணியத் தேடுனேன். அந்தம்மா வந்து ஒரு பிடிய அமுக்குச்சு, மூடி தானா நழுவிருச்சு. உள்ள தூசி, ஆமத்தூர்க் காட்டுல காத்தடிச்ச மாதிரி. பழைய பிராசசருக்கு மேல இருந்த பசை வெத்தலைச் சுண்ணாம்பாட்டம் காஞ்சு போயிருந்துச்சு. அச்சு மெஷின் தொடைக்கிற ஸ்பிரிட்ட வச்சுத் தொடச்சா கண்ணாடி கணக்கா மின்னுது. புதுப் பசை எம்புட்டு வைக்கணும்னு பீவி ஜான் கேட்டுச்சு. "மொளகளவு, கூடுனாலும் கேடு, கொறஞ்சாலும் கேடு"ன்னேன். மருந்து கலந்த கை மாப்பிள்ளை, அளவு தப்புமா!

அப்பத்தான் பாத்தேன். ரெண்டாவது பிராசசர் ஒக்கார்ற எடத்துல, ஆயிரக்கணக்கான ஊசியில ஒரே ஒரு ஊசி சாஞ்சு கெடக்கு. அது ஒடிஞ்சா போர்டே போச்சு. முதலாளியம்மா சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டாக. பீவி ஜான் அச்சுப் புள்ளி பாக்குற பூதக்கண்ணாடியக் கண்ணுல வச்சு, தையல் ஊசிய எடுத்து, "பிஸ்மில்லா"ன்னு சொல்லிட்டு, ஒரு தட்டு. நேரா நிமிந்துருச்சு!

முக்கோணக் குறியப் பாத்து ரெண்டு பிராசசரையும் வச்சோம். மெமரிய வரிசையா அடுக்கிப் போட்டா, மெஷின் தொண்ட கட்டுன கோழி மாதிரி கத்துது, படம் வரல. வெள்ளைப் பிடி உள்ள எடத்துலதான் மொதல்ல போடணும்னு மூடிக்குப் பின்னாலயே படம் போட்ருக்கு, நான்தான் பாக்கல. மாத்திப் போட்டேன், பட்டனத் தட்டுனேன். காத்தாடி பத்து ராக்கெட்டு ஒண்ணாப் பறக்குற சத்தத்துல சுத்தி அடங்குச்சு. திரையில இருநூத்தி ஐம்பத்தாறு ஜிபி! முதலாளியம்மா சின்னப்புள்ள கணக்கா கை தட்டுனாக.

இப்ப முருகனக் கூப்புட்டா, வேல், மயிலு, ரெண்டு பொஞ்சாதியோட ஒரு நொடியில வந்து நிக்காரு. மூணு நாள்ல ஆல்பம் அம்புட்டும் அடிச்சு முடிச்சு, தங்கப் பூச்சும் போட்டாச்சு. நாளைக்குப் பூசை. "இனி நீங்கதான் நம்ம கம்பெனி இன்ஜினியர்"னு முதலாளியம்மா எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாக. ஆகையால் தாங்கள் லீவு போட்டுச் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை.

தங்களுக்கும் ஆர்த்திக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதங்கள். சகல காரியமும் தங்களுக்குக் கைகூட வேண்டும்.

இப்படிக்கு,
பிரியமுள்ள மாமா
ஊர்க்காவலன்

பின்குறிப்பு (3.8.2025, மதியம்): மேலே ஒரு விஷயத்தை எழுதாம விட்டுட்டேன். மெமரிய மாத்திப் போட்ட பெறகும் மெஷின் கண்ணத் தொறக்கல. காசு மாதிரி ஒரு பேட்டரி போர்டுல இருந்துச்சு. அதக் கழட்டி, நூறு எண்ணிட்டு, திரும்ப மாட்டுனேன். ஒடனே ஓடுச்சு. ஆனா மெஷினோட கடிகாரம் 2016-க்குப் போயிருச்சுன்னு அது யாருட்டயும் சொல்லல. தேதிக் கட்டத்த எல்லாம் அந்தக் கடிகாரத்தப் பாத்துத்தான், அடுத்த வருசம்னு, அது தானாப் போட்டுக்கிடுமாம். நாங்க எல்லாரும் முருகன் மொகத்தப் பாத்தோமே ஒழிய வருசத்த எவன் பாத்தான்? இன்னைக்குப் பூசையில காரியாபட்டி ஏஜென்ட் ஆல்பத்தப் பெரட்டி, "சனவரி ஒண்ணு ஞாயித்துக்கிழமையா? ஒரு லீவு போச்சே"ன்னாரு. பெறகுதான் மேல பாத்தோம். 2017.

முதலாளியம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. சர்வர் ரூம் சாவிய மட்டும் பீவி ஜான்கிட்டக் குடுத்துட்டாக. ஆறாம் தேதி ராத்திரி பஸ்ஸுக்கு ஒங்க பேர்ல டிக்கெட் போட்ருக்கேன், கெளம்பி வந்துருங்க.