மூன்றே மூன்று படிகள்தான்

உலகத்தில் நல்லவர்கள் பலவிதம். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் நல்லவர், கேட்காமலே புத்தி சொல்லும் நல்லவர் எல்லாரையும் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, இன்றைக்கு உங்களுக்கு ‘தாராளமா வாங்க’ நல்லவரை அறிமுகம் செய்கிறேன். இவர் விடுதி நடத்துவார், துணிக்கடை நடத்துவார், பல் மருத்துவமனைகூட நடத்துவார். எதை நடத்தினாலும் வாசலில் படி கட்டிவிடுவார். சக்கர நாற்காலியில் வருகிறேன், உள்ளே வர முடியுமா என்று தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. தாராளமா வாங்க என்பார். நம்பி வந்து, என்னங்க இது படி என்று கேட்டால், “மூணே மூணு படிதாங்க” என்பார், பத்துப் படியில் ஏழைத் தள்ளுபடி செய்துவிட்ட மாதிரி.

சட்டம் தெரியாதவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கரைத்துக் குடித்தவர். சாய்வுப் பாதை வேண்டும் என்கிறது சட்டம். இருக்கிறது, அதன்மேல் இவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது, கட்டடத்திலேயே வெயில் படாத இடம் அதுதான். கைப்பிடிக் கம்பியும் அகலக் கதவும் வைத்த கழிப்பறை வேண்டும் என்கிறது. அதுவும் இருக்கிறது, உள்ளே உபரி மெத்தைகள் இருக்கின்றன. ஆய்வாளர் வரும் நாளில் மெத்தைகள் மொட்டைமாடிக்கு ஏறும். அவர் தலை தெருமுனை தாண்டியதும் இறங்கும். வருஷத்துக்கு ஒரு நாள் காய்ந்தால் மெத்தைக்கும் நல்லதுதானே? ஆய்வாளர் தந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்திருப்பார். எங்கே? மாடிப்படி திரும்புகிற இடத்தில்.

ஏன் சாமி இப்படி என்றால், இதுவரைக்கும் அப்படி யாரும் வந்ததே இல்லையே என்பார். ஏன் வரவில்லை? வழி இல்லை. ஏன் வழி இல்லை? யாரும் வரவில்லை. இந்த வாதத்தை உடைக்க ஆண்டவனே வந்தாலும் ஆகாது. அவரும் படியேறித்தான் உள்ளே வரவேண்டும்.

போன மாதம் வேலையாக வெளியூர் போய், இப்படிப்பட்ட ஒருவருடைய விடுதியில் தங்கினேன். காலை எட்டரை மணி. என் அறைக் குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வந்ததால், தோளில் துண்டோடு முதலாளியிடம் முறையிடக் கீழே இறங்கி வந்தேன். அப்போது வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. ஓட்டுநர் பின்னாலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தார். ஒரு பெண்மணி கைகளை ஊன்றி அதில் மாறி உட்கார்ந்தார். நாற்பது வயதிருக்கும். கணக்கு ஆசிரியை, பத்து மணிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளியில் தலைமையாசிரியை வேலைக்கு நேர்காணல். இரண்டு முறை தொலைபேசியில் விசாரித்திருக்கிறார். இரண்டு முறையும் தாராளமா வாங்க.

முதலாளி படியிறங்கி வந்து, நேராக ஓட்டுநரிடம், “இவங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?” என்று விசாரித்தார். ஓட்டுநருக்கும் அம்மாளுக்கும் பழக்கம் ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிஷம். அவர் பாவம், வானத்தைப் பார்த்தார். அம்மாளே பேசினார். ரயில் கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது என்பதால் முந்தின மாலையிலிருந்து அளந்து அளந்து ஒரு டம்ளர் தண்ணீர்தான் குடித்தாராம், அப்படியும் இனி தாங்காதாம், அறையெல்லாம் அப்புறம், முதலில் கழிப்பறை எங்கே என்று வெட்கப்படாமல் கேட்டார். முதலாளி அதற்குப் பதிலாக, இதோ நாலு பேர் இருக்கோம், அலாக்காகத் தூக்கிவிடுகிறோம் என்று சட்டைக் கையை மடித்தார்.

“தூக்க வேணாங்க,” என்றார் அம்மாள். “போன தடவை தூக்கினவங்க என்னைப் பத்திரமா வச்சாங்க, நாற்காலியைப் போட்டு உடைச்சாங்க. ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே கிடந்தேன்.”

வேறு வழியில்லாமல் மோட்டார் சைக்கிள் நகர்ந்தது. சாய்வுப் பாதை வெளிப்பட்டது. அட, அதைப் பாதை என்றால் மதில் சுவரையும் பாதை என்று சொல்லலாம். ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும், உங்களுடையது ஐந்து அடிகூட இல்லையே என்றார் கணக்கு ஆசிரியை. அவ்வளவு நீளம் போட்டால் ரோட்டில் போய் நிற்குமே என்றார் முதலாளி. பிறகு ஓட்டுநரைப் பார்த்து, நல்லாப் பேசுறாங்களே என்று வியந்தார். ஓட்டுநர் பல்லைக் கடித்துத் தள்ளி, மூச்சிரைக்க மேலே கொண்டுவந்து சேர்த்தார்.

அடுத்தது மெத்தை வைபவம். காவலாளியும் சமையல்காரரும் சலவைக்காரரும் சேர்ந்து, பதினோரு மெத்தைகளையும், கால் போன ஒரு கட்டிலையும், இறக்கை இல்லாத இரண்டு மின்விசிறிகளையும் கழிப்பறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க, முதலாளி பக்கத்தில் நின்று, “பார்த்து, மெதுவா” என்று மெத்தைகளுக்காகக் கவலைப்பட்டார். அம்மாள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இவனையெல்லாம் உள்ளே தூக்கிப் போட வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லவும் செய்தேன்.

கால் மணி நேரத்தில் கழிப்பறை காலியானது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விட்டார்கள். அம்மாள் நாற்காலியைத் திருப்பினார். முதலாளி விடவில்லை. பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அதுவும் சட்டமாம். மேஜையோ நெஞ்சு உயரம், அம்மாளுக்கு எட்டவில்லை. பதிவேட்டைக் கீழே இறக்கி, எழுதாத பேனாவை உதறி, வேறு பேனா தேடி என்று நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். கட்டடத்திலேயே தண்ணீர் வருகிற ஒரே கழிப்பறை, பளபளவென்று, கதவு திறந்தபடி. அவர் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் இரண்டே நிமிஷம், யாருக்கு என்ன நஷ்டம் என்று நுழைந்து தாழிட்டேன். அடடா, என்ன விசாலம்! துண்டு போடுவதற்கென்றே சுவரில் ஒரு கம்பிகூட வைத்திருக்கிறார்களே என்று மெச்சி, துண்டைப் போட்டேன். தண்ணீர் தாராளமாக வந்ததால் முகத்தையும் கழுவினேன். வெளியே யாரோ கதவைத் தட்டிய மாதிரி இருந்தது. “இதோ, ரெண்டே நிமிஷம்,” என்றேன். உலகத்தில் எல்லோரும் சொல்வதுதானே?

கதவைத் திறந்தபோது நாற்காலி எதிரே நின்றது. ஓட்டுநர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைக்காரர் ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து அம்மாளின் மடிமேல் போர்த்தினார். நாற்காலியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மன்னிச்சிடுங்கம்மா, அவசரம் என்று உளறினேன்.

“எனக்கு இனிமே அவசரமில்ல சார்,” என்றார். “அந்தக் கம்பில இருக்கற துண்டை மட்டும் எடுத்துக்குங்க. நான் பிடிச்சுக்கணும்.”

மாற்று உடையோடு அவர் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாரா, வேலை கிடைத்ததா, தெரியாது. கேட்க எனக்கு எந்த மூஞ்சி இருக்கிறது? மானக்கேட்டில் அன்று மதியமே அறையைக் காலி செய்துவிட்டேன்.

ஆகவே வாசகரே, ‘தாராளமா வாங்க’ நல்லவரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், கையை விரித்துவிடுகிறேன். முதலாளியைத்தான் காட்டப் புறப்பட்டேன், எங்கே வந்து முட்டினேன் என்று பார்த்தீர்கள். என்ன, என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள், எனக்கு வேண்டியதுதான். ஆனால் விமான நிலையத்திலோ பெரிய கடையிலோ வரிசை நீளமாக இருந்த ஒரு நாள், ஓரத்தில் இருந்த அந்த அகலக் கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் உள்ளே போனீர்களே, ரெண்டே நிமிஷம் என்று, அப்போது வெளியே வந்து நின்றது யார் என்று யோசித்துப் பாருங்கள். கதவைத் திறந்தபோது யாரும் இல்லை என்கிறீர்களா? ஒருவர் வந்திருந்தாலும், எத்தனை நேரம்தான் காத்து நிற்பார்?