முதற்பக்கத்தில் மாமா

வெள்ளவத்தை,
வியாழன் இரவு

அன்புள்ள மேனகா மச்சாளுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். கனடாவில் உங்களுக்குப் பகல்தான். ஆனாலும் கொழும்பில் இத்தனை மணிக்கு நான் விழித்திருக்கிறேன் என்று கண்டதும் நெஞ்சு திக்கென்றிருக்கும். பயப்பட வேண்டாம். நான், உங்கள் தம்பி ஜனா, குட்டி ஆரணி எல்லோரும் சுகம். உங்கள் அப்பா மிக மிகச் சுகம். இரண்டாம் தரமும் புட்டுப் போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், குறட்டை இங்கே கேட்கிறது. யாராவது அழுதுகொண்டு உங்களுக்குப் போன் எடுத்தால் நம்பாதீர்கள்.

நாளை மத்தியானத்துக்குள் அந்த விளம்பரக் கம்பனிக்கு என் போர்ட்போலியோ போக வேண்டும் என்பது தெரியும்தானே. ஆரணி பிறந்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறேன், இதையும் விட்டால் இனி யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? கொட்டாஞ்சேனை அச்சகத்தில் ஏழு வருடம் வடிவமைத்ததில் நாற்பத்துமூன்றைப் பொறுக்கி உங்களுக்கு அனுப்பினேன். ஆட்களை வேலைக்கு எடுப்பதே உங்கள் தொழில் என்பதால் நீங்கள் மூன்று விஷயம் சொன்னீர்கள். ஆறுக்கு மேல் போடாதே, அவர்களுக்கு ஒரு நிமிஷம்தான் பொறுமை. திறமான வேலையை முதற்பக்கத்தில் போடு. வாடிக்கையாளரின் சொந்தப் பெயர்களை மறை. மச்சாள், மூன்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். உங்கள் அப்பா செத்துப்போனார்.

என் திறமான வேலை எது என்று நெஞ்சில் கைவைத்து யோசித்தால், கலியாணக் கார்டு இல்லை, பிஸ்கட் பெட்டி இல்லை, மரண அறிவித்தல்தான். இன்னாரின் கனிஷ்ட புத்திரரும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்ன இன்னாரின் மைத்துனரும் என்று ஐம்பத்தெட்டுப் பெயரை உள்ளங்கை அகலத்துக்குள் மூச்சுமுட்டாமல் அடக்குவது சின்ன வேலையா? அதில் ஒன்றை எடுத்து எல்லாப் பெயரையும் அழித்து, பாதி உறவைச் சுருக்கி, இனி என்ன பெயர் போடலாம் என்று யோசித்த நேரம் பார்த்து மாமா குசினியிலிருந்து, "பிள்ளை, என்ரை கண்ணாடியைக் கண்டனியோ?" என்று கேட்டார். கை தானாகச் சுந்தரலிங்கம் என்று அடித்துவிட்டது. படத்துக்கும் அவருடைய பாஸ்போர்ட் படம்தான் கம்பியூட்டரில் கிடந்தது. அச்சகத்துத் தோழி மரியகொறற்றிக்குக் காட்டிக் கருத்துக் கேட்போம் என்று வட்ஸ்அப்பில் 'கொ' என்று தட்டினேன். மேலே கொறற்றி, கீழே உங்கள் குடும்பத்தின் 'கொழும்புச் சொந்தங்கள்' குழு. விரல் கீழே பட்டுவிட்டது. கோப்பைத் திறக்காமலே முதற்பக்கம் படமாகத் தெரியுமே, பின்னால் ஐந்து பக்கம் இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு நிமிஷம் பார்ப்பார்கள் என்றீர்கள், எங்கள் சொந்தங்கள் அதுகூடப் பார்க்கவில்லை. நான் ஆரணியைக் குளிப்பாட்டிவிட்டு வந்து பார்த்தால் எழுபத்தொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அழித்தேன், விளக்கம் எழுதினேன். அதற்குள் ஹெந்தளை றெஜி அத்தான் மலர்வளையத்தோடு த்ரீவீலில் வந்து இறங்கிவிட்டார். கதவைத் திறந்தது மாமாவேதான்.

"என்ன றெஜி, ஆர் மோசம்போனது?"

"நீங்கள்தான் மாமா." பாவம், றெஜி அத்தானுக்குப் பொய் வராது.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

றெஜி அத்தானின் போனில் அழியாமல் கிடந்த அறிவித்தலை மாமா வாங்கி வாசித்தார். கோபிக்கப் போகிறார் என்று நான் ஆரணியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "ஓய்வுபெற்ற நில அளவையாளர் எண்டதை ஏன் பிள்ளை விட்டனீ? முப்பத்தாறு வருசம் காடு மேடெல்லாம் சங்கிலி பிடிச்சனான்."

"சுருக்கமா இருக்கோணுமாம் மாமா. மேனகா மச்சாள்தான் சொன்னவ."

"அவளின்ரை பேரையும் காணேல்லை! மூத்த பிள்ளை, பார்த்தா என்ன நினைப்பாள்?"

"அப்பா, இது உண்மையான அறிவித்தல் இல்லை" என்றார் ஜனா.

"உண்மையானது வரேக்க பிழை திருத்த நான் இருப்பனோடா?"

பிறகு சிவப்புப் பேனாவோடு என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். பெயர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மருமகள் நிரோஷா என்று என்னையும் சேர்க்கச் சொன்னார். 'மாமா திருத்தியது' என்ற அந்தக் கோப்பு இப்போது பதினொரு பக்கம், உங்கள் பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. கம்பனிக்கு அது போகாது. அறிவித்தலையே தூக்கிவிட்டு, பிஸ்கட் பெட்டியை முன்னால் வைத்து, ஐந்து பக்கத்தோடு அனுப்பப் போகிறேன். களைத்துப்போனேன் மச்சாள். ஏழு வருடத்தை ஐந்து பக்கமாக்கியாயிற்று, பிள்ளையோடு இருந்த மூன்று வருடத்துக்கு எந்தப் பக்கமும் இல்லை.

அங்கே அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும் என்று மாமா தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

இப்படிக்கு,
அன்பு மச்சாள்
நிரோஷா

பி.கு. வெள்ளி காலை. ஐந்து பக்கத்தோடு அனுப்பப் போகிறேன் என்றதை மறந்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் கம்பனிக்கு நான் அனுப்பியது 'மாமா திருத்தியது'. எட்டரைக்கே அங்கு தமிழ்ப் பகுதியைப் பார்க்கிற நுஹா என்ற பிள்ளையிடமிருந்து பதில் வந்துவிட்டது. அவவும் முதற்பக்கத்தோடு நிறுத்திவிட்டா போலும். மாமனாரின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபமாம், காரியங்களை முடித்துக்கொண்டு ஆறுதலாகப் புதன்கிழமை போர்ட்போலியோவை அனுப்பினால் போதுமாம். கீழே ஒரு வரி: இந்த அறிவித்தலை வடிவமைத்தது யார், இவ்வளவு பெயரையும் இவ்வளவு வடிவாக அடக்கி நான் கண்டதில்லை.

மாமாவிடம் காட்டினேன். புதன்வரை செத்திருக்கத் தனக்கு ஆட்சேபனை இல்லையாம், முதற்பக்கத்திலிருந்து மட்டும் தன்னை எடுக்கக் கூடாதாம். அந்தப் பிள்ளையிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லட்டுமா, புதன்வரை பேசாமல் இருக்கட்டுமா? கெதியாகப் பதில் போடுங்கள்.