மாத்திரைக்கு முறை வைத்த விவரம்

ஏரிக்கரைத் தெரு,
பாகூர் கொம்யூன்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மைத்துனர் சிரஞ்சீவி அருள்முருகனுக்கு, மாமா பலராமன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் அமுதமும் இரண்டு மாடுகளும் சுகம். ஓசூரில் நீயும் தங்கச்சி பிரியதர்ஷினியும் சுகமாக இருக்க மூலநாதரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அக்காள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மூன்று திருத்தம் சொல்கிறாள். இது திருத்தம் இல்லாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கமிட்டி கூடுகிறது மாப்ளே. உன் அக்காளை மருந்து ஆராய்ச்சியில் வைத்துக்கொள்வதா, பெயரை அடித்துவிடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்யப் போகிறார்கள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் தப்பு என்று சொல்வதைச் செய்தவன் நான். அது தப்புதான் என்று நான் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு.

உனக்குத் தெரியாததில்லை, போன வருஷம் அவளுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்று என்றார்கள், வைத்தியம் பார்த்தோம், அடங்கியது, தை மாசம் மறுபடி தலைகாட்டியது, அப்போதுதான் டாக்டர் கல்பனா அம்மா எங்களை உட்காரவைத்து, "புதுசா ஒரு மாத்திரை வந்திருக்குங்க ஐயா, அதைச் சோதிச்சுப் பாக்கறோம். வழக்கமான ஊசி எல்லாருக்கும் உண்டு, அதுல குறை வைக்க மாட்டோம். அதுக்கு மேல பாதிப் பேருக்கு இந்தப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு அச்சா அதே மாதிரி இருக்கற டம்மி மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார். "பின்ன யாருக்குத்தாம்மா தெரியும்?" என்றேன். "கம்ப்யூட்டருக்கு" என்றார். எங்க வூட்டுக்காரியைக் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டர் அவளுக்கு நிஜமா டம்மியா என்று முடிவு செய்கிறதாம்! போதாததற்கு, மருந்தால் கால் மரத்துப்போவதற்குச் சீன வைத்தியமும் சோதிக்கிறார்கள். மயிர் போல ஊசியைக் காலில் குத்தி இருபது நிமிஷம் அப்படியே விடுவது. அதிலும் பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்குத் தோலைத் தொட்டதும் உள்ளே மடங்கிக்கொள்ளும் ஊசி. ஆராய்ச்சி நர்ஸ் செல்வகுமாரி பதினெட்டுப் பக்கப் படிவத்தை வரி வரியாகப் படித்து விளக்கினாள். நான் ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். உன் அக்காள் பதினெட்டையும் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். மாத்திரையை வேறு யாருக்கும் தரக் கூடாது என்பது பதினோராம் பக்கத்தில் இருந்ததாம்.

அங்கே பெஞ்சில் பழக்கமானவள்தான் சகாயராணி. வில்லியனூரில் மாதா கோவில் பக்கம் வீடு, அமுதத்துக்கு உள்ள அதே நோய், அதே ஆராய்ச்சி, மகள் ரோஸ்லின் பஸ்ஸில் கூட்டி வருவாள். மூன்று மாசமாகச் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட உன் அக்காள், ஒரு செவ்வாய்க்கிழமை அந்த சகாயராணியின் டிபன் பாக்ஸிலிருந்து நெத்திலித் தொக்கை வழித்து வழித்துத் தின்கிறாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கே சகாயராணி எனக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். பிறகு வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை குடைய ஆரம்பித்தது. பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு டம்மி என்றால், இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒருத்தி நிஜம், ஒருத்தி டம்மி. இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரா வேண்டும்? ஒருத்தி தேறி, ஒருத்தி தேறாமல் போனால் நாம் எந்த முகத்தோடு அந்தத் தொக்கை நினைத்துப் பார்ப்பது?

நான் ஏரிப் பாசனத்தில் பதினாலு வருஷம் முறை நோட்டு எழுதினவன் என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் குறைச்சலான வருஷத்தில் என்ன செய்வோம்? ஒரு வாரம் கிழக்கு வாய்க்காலுக்கு விடுவோம், மறு வாரம் மேற்கு வாய்க்காலுக்குத் திருப்புவோம். ஒருத்தன் வயல் காய ஒருத்தன் வயல் பாய்ந்தது என்ற பேச்சு என் நோட்டில் கிடையாது. அதே முறையை மாத்திரைக்கும் வைத்தேன், அவ்வளவுதான். ஒரு வாரம் அவரவர் டப்பா, மறு வாரம் இவள் டப்பா அவளுக்கு, அவள் டப்பா இவளுக்கு. செவ்வாய்க்கிழமை பெஞ்சில் வைத்து மாற்றிக்கொள்வது. இரண்டு பேருக்கும் பாதிப் பாசனம் உறுதி.

சகாயராணி, "அண்ணே, இது பாவம் ஆவாதா?" என்றாள்.

"எதும்மா பாவம்? ஒருத்தி பொழச்சு, ஒருத்தி பாத்துனு இருக்கறதுதாம்மா பாவம்."

உன் அக்காள், "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு படிச்சாங்களே" என்றாள்.

"அசலாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு படிச்சிருப்பாங்க. இவ இன்னா அசலா?" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. உன் அக்காள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று முப்பத்தெட்டு வருஷமாக நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மாத்திரை ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இந்தச் சீன ஊசிதான் காலை வாரியது. ஊசியை டப்பாவில் போட்டு மாற்ற முடியாதே! அதனால் ஆளையே மாற்றிவிட்டேன். "அமுதம்" என்று கூப்பிட்டால் சகாயராணி போவது, "சகாயராணி" என்று கூப்பிட்டால் இவள் போவது. ஊசி போடுகிறவன் பிள்ளைச்சாவடிப் பையன் மணிபாரதி, சீனாவுக்கே போய்ப் படித்துவிட்டு வந்தவன், ஒரு நாளைக்கு முப்பது காலைப் பார்க்கிறவன், முகத்தை எங்கே பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். சகாயராணி நெற்றியில் உன் அக்காளின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அனுப்பிவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே முதல் ஊசியை எடுத்திருப்பான் போல. "ஏசுவே!" என்று சத்தம். அவன் சாதாரணமாக, "இன்னாம்மா, போன வாரம் முருகான்னீங்க, இந்த வாரம் ஏசுவேன்றீங்க?" என்று கேட்கிறான். அதற்கு இந்தப் பொம்பளை, "ரெண்டு பேரும் தொணைக்கு வேணும்பா" என்கிறாள். அதோடு விட்டிருக்கலாம். அவன் குனிந்து காலைப் பார்த்திருப்பான் போல, "மெட்டி எங்கம்மா?" என்று கேட்டான். பொட்டை மாற்றின நான் மெட்டியை மறந்துவிட்டேன். திரையை விலக்கி வெளியே வந்தவன் என்னைப் பார்த்து, "பெரியப்பா, இதை நான் மேலே சொல்லியே ஆவணும், கோச்சுக்காதீங்க" என்றான். நல்ல பையன்தான், கோபம் இல்லை.

செல்வகுமாரி வந்து, "மாத்திரை டைரியைக் குடுங்க" என்று கை நீட்டினாள். தினமும் மாத்திரை சாப்பிட்ட நேரத்தை எழுதக் கொடுத்த நோட்டு அது. உண்மையை ஒளிக்காமல் எழுதுங்க என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நானும் ஒளிக்கவில்லை மாப்ளே. "முதல் வாரம், சொந்த டப்பா. இரண்டாம் வாரம், சகாயராணி டப்பா, முறை மாறிய நேரம் காலை 10.20, சாட்சி ரோஸ்லின்" என்று ஒரு வாரம் விடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். செல்வகுமாரி நின்றபடி படிக்க ஆரம்பித்தவள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் அம்மா திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் திட்டவில்லை. "ஐயா, இந்த மாத்திரை வேலை செய்யுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் இத்தனை பேர் இங்க வந்துட்டுப் போறாங்க. நீங்க ரெண்டையும் கலந்துட்டா எப்படித் தெரியும்? நாளைக்கு வேற ஒரு ஊர்ல இருந்து வேற ஒரு அமுதம் வருவாங்க. அவங்களுக்கு இதைக் குடுக்கலாமா, குடுக்கக் கூடாதான்னு நான் எதை வெச்சுச் சொல்லுவேன்?" என்று கேட்டார். முறை நோட்டு குழம்பினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போனதா என்று யாருக்கும் தெரியாது, அது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் பலனைப் பார்க்க வேண்டாமா? உன் அக்காளின் ரத்தத்தில் கெட்டது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. சகாயராணிக்கும் அப்படியே. கால் மரத்துப்போவது குறைந்து உன் அக்காள் வரப்பு வரைக்கும் நடந்து வருகிறாள். போன வாரம் கரும்பு வெட்ட வந்தவர்களை, அடிக்கட்டையை உயரமாக விட்டுவிட்டார்கள் என்று அவள் திட்டிய திட்டு தார் ரோடு வரைக்கும் கேட்டதாக பக்கத்து வயல் எழிலரசன் வந்து சொன்னான். எனக்குக் காதில் தேன் ஊற்றினாற்போல இருந்தது. போன மார்கழியில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூடக் குரல் வராமல் கிடந்தவள் அவள். எல்லாம் அந்தப் புது மாத்திரையால், நான் முறை வைத்துக் கொடுத்ததால்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கம்பெனியில் தினமும் இங்கிலீஷில் எழுதுகிறவன் நீ. கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பு. இரண்டு பெண்களுக்கும் இதில் சம்பந்தமில்லை, எல்லாம் பலராமன் வேலை, வேண்டுமானால் பலராமனை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் விடாதீர்கள், பெஞ்சில் உட்காரவிடாதீர்கள், இவர்கள் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சி எழுது. கெஞ்சுவது இங்கிலீஷில் எப்படி என்று எனக்குத் தெரியாது, நீ பார்த்து எழுது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கையால் ஆனது என்று இருந்துவிடும், அதை என்னால் தாங்க முடியாது.

தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பற்றி அக்காளிடம் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
உன் மாமா,
பலராமன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் டாக்டர் அம்மா போன் செய்தார். திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் பெரியவர்கள் கூடிப் பேசி, கம்ப்யூட்டரில் இருந்ததைத் திறந்து பார்த்துவிட்டார்களாம். இரண்டு டப்பாவுமே டம்மி. அந்தப் பெஞ்சில் நிஜம் என்று ஒருத்தியும் உட்காரவில்லை. பத்து வாரம் சாட்சி வைத்து நேரம் குறித்து டம்மியைக் கொடுத்து டம்மியை வாங்கியிருக்கிறேன். சீன ஊசி இரண்டு பேருக்குமே நிஜமாம், ஆளை மாற்றியதும் வீண். ரத்தம் தேறியது அந்த வழக்கமான ஊசியால்தானாம், அது நிற்காது, ஆராய்ச்சியில் மட்டும் பெயர் இருக்காது, பயப்படாதீங்க என்றார். ஆகவே இங்கிலீஷ் வேண்டாம்.

உன் அக்காளிடம் மென்று முழுங்கிச் சொன்னேன். உடைந்துபோவாள் என்று பயந்தேன். அவள் என்னை நன்றாகப் பார்த்து, "நெசமாவா? சகாயராணிதும் டம்மிதானா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போய் உளுந்து டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் முறத்தில் கவிழ்த்தாள். உளுந்துக்கு நடுவில் முப்பத்தைந்து மாத்திரை மாப்ளே. "அவ டப்பா நம்ம வூட்டுல இருந்த வாரம் ஒண்ணுகூட நான் முழுங்கல. தெனம் ஒண்ண எடுத்து இதுல போட்டுட்டேன். அவளுக்குப் பத்தாமப் போனா திருப்பிக் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். இனிமே வேணாம்" என்று சொல்லி, மாத்திரையைப் பொறுக்கி எறிந்துவிட்டு உளுந்தை ஊறப் போட்டாள். நாளைக்குச் சகாயராணியும் ரோஸ்லினும் வடை சாப்பிட வருகிறார்களாம்.

முப்பத்தெட்டு வருஷமாக எனக்குப் பெண்டாட்டி. இவளுக்குப் போய் நான் பங்கு பிரித்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.