முன்னிலை என்ற நாற்காலி

ஆரணி
8.11.1975

சிரஞ்சீவி தம்பி ஜெகநாதனுக்கு அக்கா அபிதகுசாம்பாள் எழுதுவது. இங்கு நான் நலம். ஊர் ஊராக மேடையேறிப் பிழைக்கும் உன் தொண்டை நலமா?

அழைப்பிதழில் 'முன்னிலை' என்று ஒரு பெயர் போடுகிறார்களே, அந்த ஆள் மேடையில் என்னதான் செய்ய வேண்டும்? எம்.ஏ. படித்து, இருபது வருஷம் இலக்கணம் கற்பித்தும் எனக்குத் தெரியவில்லை. தலைமை என்றால் மைக்கை விடாதவர். வாழ்த்துரை என்றால் நேரமில்லை என்று சொல்லியே ஒரு மணி நேரம் பேசுபவர். சிறப்புரை, நீ. நன்றியுரை காலி பெஞ்சுகளுக்கு. முன்னிலை மட்டும் பிடிபடவில்லை.

கேட்டவள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள். தை மாதம் கணவர் இறந்துபோனதும் நெசவாளர் சங்கத்தில் அவளுக்குப் பட்டு நூலை நிறுத்திவிட்டார்கள், பெண்ணை உறுப்பினராகச் சேர்க்கும் வழக்கமில்லையாம், நாலு மனு கொடுத்தும் பதிலில்லை, தறி சும்மா நிற்கிறது, இப்போது மகளிர் ஆண்டு என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வரவே நாளைய ஆண்டு விழாவுக்கு அவளையே முன்னிலையாகப் போட்டுவிட்டார்கள். ரோஸ் நிற அழைப்பிதழோடு ஓடி வந்தாள்.

"மேடையில நூல் கேக்கலாமா டீச்சர்? தலைவர் வேணுகோபால், 'நீ பேசக் கூடாதும்மா, சும்மா குந்திகினு இரு'ன்றாரு. ஒரே பேஜாரா கீது."

"அவர் சொல்வது சரிதான்" என்றேன்.

"அப்ப எதுக்குங்க அந்த வார்த்த?"

இலக்கணத்தில் தன்மை என்றால் நான், முன்னிலை என்றால் நீ, நீங்கள், படர்க்கை என்றால் அவர்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். பிறகு தெருத் தறிகளின் சத்தத்தில் கண் சொருகி, ஒரு கனவு. இதுவரை முன்னிலை வகித்தவர்கள் எல்லோரும் மடியில் மாலையுடன், நாற்காலியோடு, காயப்போட்ட பட்டு நூலுக்கு மேலே மெல்ல மிதந்து போனார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொன்னம்மாளும் போனாள். நாளையும் அதுதான் நடக்கும். எதையும் எதிர்பார்க்காதே என்று அவளிடம் சொல்லப்போகிறேன்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. உன் மேடைகளில் மழை பெய்யாதிருக்கட்டும்.

அக்கா

பி.கு. (ஞாயிறு மாலை): மேலே உள்ளதை அடித்துவிடு. வேணுகோபால், "நம் பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள்..." என்று முழங்கும்போது, பக்கத்து நாற்காலியிலிருந்து எழாமலே, "அவங்க இல்லீங்க, நீங்க. நீங்க எனக்கு எப்ப நூல் குடுப்பீங்க?" என்றாள் பொன்னம்மாள். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. வந்திருந்த கைத்தறி அதிகாரி உறுப்பினர் படிவத்தை மேடைக்கே வரவழைத்தார். வேணுகோபால் கையெழுத்துப் போட்டார். நன்றியுரைக்கு வந்த சங்கத்துத் தங்கவேலு, முந்தின நாளே எழுதிய தாளைப் பார்த்து, "ஒன்றும் பேசாமல் அமர்ந்து விழாவைச் சிறப்பித்த பொன்னம்மாளுக்கு நன்றி" என்று வாசித்தார்.

சற்று முன் பட்டு நூலை மார்போடு அணைத்தபடி வந்தாள்.

"தன்மைன்னீங்களே டீச்சர், அது எந்த நாற்காலி?"