வேதநாயகம் பிரிண்டர் வாங்கப்போகிறார்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. வாங்கப்போகிறவர்கள். இவர்களைக் கஞ்சர்கள் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் கடைப்பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். வாங்கப்போகிறவர் கடைக்குப் போவார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார், அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்வார், பொருளை நாலு பக்கமும் தடவிப் பார்ப்பார், கடைக்காரர் வாங்கித் தரும் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார், பிறகு எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு வாரேன்" என்பார். அந்தக் கொஞ்சம் இருக்கிறதே, அது ஒரு நாளும் முடிவதில்லை.

மிக்சி வாங்கப்போகிறவர் வீட்டில் சட்னி திப்பித்திப்பியாகத்தான் இருக்கும். பைக் வாங்கப்போகிறவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார், ஆனால் எந்த பைக் மைலேஜ் எவ்வளவு கொடுக்கும் என்று பஸ் ஸ்டாப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லித்தருவார். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் வாங்கிவிடுவார்கள். அவர் பஸ்ஸில் வருவார்.

இந்த இனத்தில் நான் பார்த்ததிலேயே முழுமையான ஆள் தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் வேதநாயகம். தங்கமான மனிதர். யாரைப் படம் எடுத்தாலும் முதலில் அவர்கள் வீட்டு நலம் விசாரித்து, சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவார். படம் அருமையாக விழும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்தால் நமக்கே நம்மேல் மதிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அது பிரிண்டருக்குப் போகும்.

அந்த பிரிண்டர் அவர் மகள் கிறிஸ்டினா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் வாங்கியது. கிறிஸ்டினா கல்யாணமாகித் தூத்துக்குடியில் குடியேறி, அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. பிரிண்டர் அதே மேஜையில் இருக்கிறது. இங்க் தெளித்துப் படம் போடும் சாதி. கடற்கரை உப்புக்காற்று பட்டுப் பட்டு அதன் மூக்கு அடைத்துக்கொள்ளும். எல்லா நிறத்தையும் விட்டுவிட்டு நீலத்தில்தான் அடைக்கும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் நீலம் வராத பிரிண்டரை வைத்துக்கொண்டு ஒருவர் தொழில் செய்தார் என்றால், அவர் திறமையை என்னவென்று சொல்வது? அவர் பிரிண்டரைத் திருத்தவில்லை, வாடிக்கையாளர்களைத் திருத்தினார். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களிடம் நீலச் சட்டை முகத்தை எடுத்துக் கொடுக்காது என்பார். கடலைப் பின்னால் வைத்துக் குடும்பப் படம் கேட்டால், தேவாலயச் சுவர் இன்னும் லட்சணம் என்பார். கொஞ்ச நாளில் அந்த ஊரே வெள்ளையும் மஞ்சளும் உடுத்திக்கொண்டு சுவர் ஓரமாக நின்றது.

மாற்றவேண்டும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. ராமநாதபுரத்தில் பிரிண்டர் விற்று, பழுதும் பார்க்கிற கடை வைத்திருக்கும் பெரியபட்டினத்து முஹைதீனிடம் மாதம் தவறாமல் போய் விசாரிப்பார். புது மிஷினில் இங்க் எத்தனை நாள் வெயில் தாங்கும், கறுப்பு கறுப்பாகவே விழுமா, ரிப்பேர் என்றால் சாமான் கிடைக்குமா என்று கேட்பார். முஹைதீனும் சளைக்காமல் சொல்வார். வீட்டுக்கு வந்து யூடியூபில் பார்ப்பார். ஆயிரம் பேர் புகழ்ந்திருக்கும் மிஷினைப் பற்றி எவனோ ஒருவன் வீட்டுக்கு வந்த மறுநாளே பேப்பரைத் தின்றுவிட்டது என்று எழுதியிருப்பான். அந்த ஒருவனைத்தான் வேதநாயகம் நம்புவார். அவன் தனக்காகவே எழுதினான் என்று உருகுவார். அதோடு போகாது. புது மிஷின் வாங்கினால் பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்யாதாம், புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் பழைய மேஜை பத்தாதாம், மேஜையைப் பெரிதாகப் போட்டால் கதவு திறக்காதாம், கதவை மாற்றினால் நிலை ஆடுமாம். ஒரு பிரிண்டரில் ஆரம்பித்த யோசனை அஸ்திவாரம் தோண்டுகிற வரைக்கும் போகும். அப்புறம் எந்த மனிதன் துணிவான்?

பிரிண்டருக்கும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. இன்று போய் வாங்கிவிடுவது என்று, அதற்கென்றே வைத்திருந்த சட்டையை அவர் மாட்டுகிற அன்று அது கண்ணாடி மாதிரி ஒரு படம் போட்டுக் கொடுக்கும். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். மனைவி மிக்கேலம்மாள் ஒரு தடவை அந்தச் சட்டையைப் பார்த்து, பாவம், அது இன்னும் ராமநாதபுரம் பார்த்ததில்லை என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளையம்மாள் படம் எடுக்க வந்தார். பஸ் நிறுத்தத்தில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர், வாட்டசாட்டமான பெண்மணி. தன் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்துத் தரவேண்டும் என்றார். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, செத்தால் மாட்டுவதற்கு என்றார். வேதநாயகம் பதறிப்போனார்.

"பதறாத தம்பி. எங்க வீட்டுக்காரர் போனப்ப ஆதார் அட்டைப் படத்தைப் பெருசாக்கி மாட்டிட்டாக. மனுசன் திருடிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறாரு. தெனம் அதுக்குத்தான் பூப் போடுறேன். எனக்கு அந்தக் கதி வேணாம்" என்றார்.

மறுநாள் பச்சைப் பட்டு கட்டி, மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வேதநாயகம் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தாரோ, படம் அப்படி விழுந்தது. ஒரு மகாராணி கருவாட்டுக்கு விலை சொல்லிவிட்டு, வாங்குவாயா மாட்டாயா என்று பார்க்கிற பார்வை. எடுத்தவருக்கே பெருமை தாங்கவில்லை. அங்கேதான் வினை. இவ்வளவு நல்ல படத்தைப் பழைய பிரிண்டரில் போட அவருக்கு மனம் வரவில்லை. பச்சைப் பட்டு மஞ்சளாகிவிடும். கொஞ்சம் பொறுங்கள், புது மிஷின் வாங்கப்போகிறேன், முதல் படம் உங்களுடையதுதான் என்றார்.

வெள்ளையம்மாள் பொறுத்தார். பாம்பன் பக்கம் காற்று திரும்பியது, மீன்பிடித் தடைக்காலம் வந்து போனது, தேவாலயத் திருவிழா வந்து போனது. வந்து கேட்கும்போதெல்லாம் வேதநாயகம் புதிதாகத் தெரிந்துகொண்ட சங்கதிகளை விளக்குவார். அவரும் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டுக்கொள்வார். கடைசியாக ஒரு நாள் மிக்கேலம்மாளிடம், உன் வீட்டுக்காரர் வாங்குகிற வரைக்கும் நான் சாகாமல் இருக்கவேண்டுமென்றால் எனக்கு ஆயுசு கெட்டிதான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் காலையில் வேதநாயகம் ஸ்டூடியோவைத் திறந்த நேரம், வெள்ளையம்மாள் கடையிலேயே மயங்கி விழுந்துவிட்டார், ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று சேதி வந்தது. மிக்கேலம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வேதநாயகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவுக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக" என்றாள். "அத இப்பவாச்சும் போட்டுக் கொடுங்க."

பிரிண்டரைப் போட்டார். முதல் படத்தில் பட்டு மஞ்சளாக, முகம் செங்கல்லாக வந்தது. மூக்கடைப்பை எடுக்கும் பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார். பிரிண்டர் முனகி, இருமி, மிச்சமிருந்த இங்கில் பாதியைக் குடித்தது. புனித அந்தோணியாரை வேண்டிக்கொண்டார். மிஷின் என்ன நினைத்ததோ, அடுத்த தாளில் பச்சை பச்சையாகவும் மூக்குத்தி மூக்குத்தியாகவும் வெள்ளையம்மாள் முழுசாக வந்து விழுந்தார். வேதநாயகம் படத்தை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பாலத்தின்மேல் பஸ் போகும்போது, மனம் கேட்காமல் படத்தை வெளியே எடுத்துப் பார்த்தார். நல்ல கடல் வெளிச்சம். நெற்றியின் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அந்த இனத்தைச் சேர்ந்தவருக்கு ஒரு கோடு போதாதா? ராமநாதபுரத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் முஹைதீன் கடைக்குப் போனார். விவரத்தைக் கேட்ட முஹைதீன் மறுபேச்சுப் பேசாமல், வேதநாயகத்தின் போனில் இருந்த படத்தை வாங்கி, காட்சிக்கு வைத்திருந்த புது மிஷினில் போட்டுக் கையில் கொடுத்தார். கோடு கிடையாது. குறையே கிடையாது. வேதநாயகம் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். புதுசில் தோல் கொஞ்சம் சிவந்த மாதிரி இல்லையா, பழசில் அந்தக் கறுப்பு இன்னும் ஆழமாக இல்லையா என்று கேட்டார்.

"அண்ணே, அல்லாஹ்வுக்காக ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் முஹைதீன்.

போனார். வார்டுக்குள் நுழைந்தார். கட்டிலில் வெள்ளையம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கடைக்கு வந்ததில் சர்க்கரை இறங்கிப்போனதாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாமாம். வேதநாயகம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. அதை மறைக்க இரண்டு படத்தையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? இது பழைய மிஷின், இது புது மிஷின், இதில் கறுப்பு ஆழம், இதில் தோல் சிவப்பு என்று ஆரம்பித்தார்.

வெள்ளையம்மாள் பன்னைக் கீழே வைத்துவிட்டு, கைக்குப் பக்கத்தில் இருந்த படத்தை எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எடுத்தது பழைய மிஷின் படம்.

"அக்கா, அதுல நெத்தியில கோடு இருக்குக்கா."

"எனக்கு நெத்தியில கோடு இல்லையா?"

"எதனால அத எடுத்தீக?"

வெள்ளையம்மாள் அவரை வினோதமாகப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஒண்ண எடுக்கணும்ல தம்பி" என்றார். மறுபடி பன்னை எடுத்துக்கொண்டார்.

வேதநாயகம் அங்கிருந்து நேராக முஹைதீன் கடைக்குப் போய் அந்தப் புது மிஷினைக் கட்டச் சொன்னார். பழைய மிஷின் படம்தானே ஜெயித்தது, அப்புறம் ஏன் புதுசு வாங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. முஹைதீனும் காரணம் கேட்கவில்லை. அட்டைப்பெட்டிகூடத் தேடாமல் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றி, தாமே தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றி, பஸ் கிளம்பி வளைவு திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குத் திரும்பினாராம்.

இப்போது தங்கச்சிமடத்தில் கடல் நீலமாக இருக்கிறது. ஊர் மறுபடி கலர் கலராக உடுத்துகிறது. வேதநாயகம் சந்தோஷமாக இருக்கிறார். பழைய பிரிண்டரை விற்றுவிடலாமா, இல்லை ஆத்திர அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். மிக்கேலம்மாள் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்த கையோடு உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். போன பொங்கலுக்கு முன்னால் ஆன்லைன் கடைக் கூடையில் போட்ட அந்த மெத்தை இன்னும் அங்கேயே இருக்கிறது, தள்ளுபடி வந்து, போய், மறுபடி வந்துவிட்டது, நீங்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்து எழுந்திருக்கிறீர்கள். அது வேறு, இது வேறு என்பீர்கள். இருக்கட்டும். நானும் அந்த இனமா, இல்லையா என்று இந்த நிமிஷம் மனத்துக்குள் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கியிருந்தீர்கள் என்றால், மேற்கொண்டு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.