ஒரே ஆறு, ஒரே முதுகு

கடலைப் பார்த்து ஓடும் ஆறுகள் உலகில் எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் மீன்கள் இருந்தன. ஓர் ஆற்றில் மட்டும் அரசாங்கமும் இருந்தது.

அந்த ஆற்றின் குடிகள் எஃகுத்தலை மீன்கள். ஆற்றில் பொரிந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே திரும்புகிற இனம். இனம் ஒன்றுதான், பிறப்பு இரண்டு. மேலாற்றுக் கூழாங்கற்களுக்கு அடியில் தானாகப் பொரிந்தவர்கள் கல்லடியார். அணை ஓரத்துச் சிமெண்டுத் தொட்டியில் மனிதர்கள் பொரிக்கவைத்து, தீவன உருண்டை போட்டு வளர்த்து, குழாய் வழியாக ஆற்றில் கொட்டிவிட்டவர்கள் தொட்டியார். கொட்டுவதற்கு முன், முதுகில் வாலுக்கு முன்னால் முளைத்திருக்கும் சின்னச் சதைத் துடுப்பை அறுத்துவிடுவது தொட்டியின் வழக்கம். ஏன் அறுக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்ததில் அது பெருமையாகிவிட்டது. துடுப்பில்லாத முதுகுக்கு 'முத்திரை முதுகு' என்று பெயர் வந்தது.

தொட்டியார் ஆயிரமாயிரமாகக் கொட்டப்பட்டார்கள். ஆகவே ஆட்சி அவர்களுடையது, தேர்தல் முறையும் அவர்களுடையது. தண்ணீர்மேல் நிழல் விழும்போது வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறவர் அரசுக்கு வாக்களித்தவர். தொட்டியில் நிழல் என்றால் தீவனம் போடுகிற கை. ஆற்றுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்லடியாருக்கோ நிழல் என்றால் கொக்கு. கண்டதும் அடியில் பாய்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அவர்கள் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டார்கள்.

பேரமைச்சர் குழாயரசர் பதவியேற்றதும் முதல் சட்டம் வந்தது: ஆழமான மடுக்கள் முத்திரை முதுகுக்கு மட்டும். கல்லடியார் கரையோரத்து வெந்நீருக்கு ஒதுங்கினார்கள். கொக்குகள் அவர்களைக் கொத்தித் தின்றன. கொக்குகளின் எடை கூடியிருப்பதை அரசு அறிக்கை 'வளர்ச்சி' என்றது. அடுத்தது தாய்மை நலச் சட்டம். கூழாங்கல்லில் முட்டையிடுவது சுகாதாரக் கேடு, முத்திரை முதுகில்லாத எவரும் அணைப்படி ஏறக்கூடாது.

சுனைச்சி கடலிலிருந்து திரும்பியபோது நாடு இந்த லட்சணத்தில் இருந்தது.

அவள் வயிறு நிறைய முட்டை. அணைக்குக் கீழே நுழைந்ததுமே மேலாற்று நீரின் வாசம் மூக்கில் ஏறி உடம்பெல்லாம் துடித்தது.

"டேய் உப்பிலி! வாசம் வருதுடா! நம்ம கல்லு!"

"வருதுக்கா! அப்படியே வழுவழுன்னு வருது!" என்று துள்ளினான் உப்பிலி. அதே கல்லடியில் அவளுக்கு அடுத்த பருவத்தில் பொரிந்த தம்பி. கடல் முழுக்க அவளோடு சுற்றியவன்.

மீன்கள் அணையைக் கடந்து ஏறுவதற்காக மனிதர்கள் கட்டிவிட்ட நீர்ப்படியின் வாயிலில் வாளிநாச்சி காவல் நின்றாள். தொட்டிப் பெண், முத்திரை முதுகு.

"நில்லும்மா. பொறந்த தொட்டி?"

"தொட்டியில்ல. கல்லடி."

"தொட்டி எண்ணு சொல்லு."

"தொட்டியே இல்லங்கறேன், எண்ணு எங்கேருந்து வரும்?"

"எண்ணு இல்லைன்னா நீ பொறக்கவே இல்ல."

"பொறக்காமலா வயித்துல இத்தனை முட்டையோட ஒன்கிட்ட மல்லுக்கட்டிட்டு நிக்கிறேன்?"

வாளிநாச்சி யோசித்தாள். யோசிப்பது அவளுடைய பணி விதிகளில் இல்லை. நல்லவேளையாகப் பேரமைச்சர் வந்துவிட்டார்.

"பெருமக்களே!" என்று, முதுகில் பாசிச் சால்வை போர்த்திய குழாயரசர் செவுளை விரித்தார். "கல்லடியாருக்கு நாம் இழைத்துவரும் அநீதி என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. பாவம், அவர்கள் முதுகில் ஒரு துடுப்பு கூடுதலாகத் தொங்குகிறது. அந்தச் சுமையை இறக்கிவைக்க அரசு முடிவு செய்திருக்கிறது. இன்று முதல், ஒரே ஆறு, ஒரே முதுகு! அறுவைச் செலவு முழுவதும் அரசுடையது. வலி மட்டும் பயனாளியுடையது."

ஆரவாரம் அணையில் மோதித் திரும்பியது. படிக்குப் பக்கத்தில் ஒரு நண்டு கொடுக்கைத் திறந்து மூடிக் காட்டியது. துடுப்புத் துறையின் புதிய இயக்குநர்.

"ஐயா, இது எனக்குச் சுமைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று சுனைச்சி கத்தினாள்.

"சுமை என்றே தெரியாமல் சுமக்கிறாய் பார், அம்மா, அதற்காகத்தான் அரசு கண்ணீர் விடுகிறது."

தண்ணீருக்குள் யார் கண்ணீரை யார் பார்த்தது?

மழை நின்று ஆறு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வற்றினால் படியில் நீந்த நீர் இருக்காது. முட்டைகள் அவள் வயிற்றுக்குள்ளேயே கெட்டுவிடும்.

"அக்கா, சின்னத் துண்டுதானே? குடுத்துட்டுப் போயிரலாம்க்கா."

"நம்ம ஒடம்புடா அது. எதுக்குக் கேக்குறான்னு சொன்னானா?"

"வயித்துல முட்டைய வச்சுக்கிட்டு நியாயம் பேசு நீ! நான் போயி நம்ம எடத்தப் புடிச்சு வைக்கிறேன். பின்னாலயே வா."

அவள் தடுப்பதற்குள் அவன் நண்டின் முன்னால் போய் முதுகைக் காட்டிவிட்டான். ஒரே நறுக்கு. கொஞ்சம் ரத்தம் கலங்கிக் கரைந்தது. "புதிய குடிமகன் வாழ்க!" என்று தொட்டியார் வாலடித்தார்கள். உப்பிலி வெற்றியோடு படிப்படியாகத் தாவி உச்சிக்குப் போனான்.

உச்சியில் ஒரு நிழல் விழுந்தது.

வாழ்நாள் முழுக்க நிழலைக் கண்டு கீழே பாய்ந்தவன் ஒரு கணம் தயங்கினான். குடிமகன் அல்லவா? வாயைப் பிளந்துகொண்டு மேலே போனான். பளபளவென்று ஏதோ அசைந்தது. கவ்வினான். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

"பதவி கெடச்சிருச்சுடோய்!" என்று கீழே கும்மாளம். நிழலோடு மேலே போகிறவர்கள் மேலுலகத் தூதர்களாக நியமிக்கப்படுகிறார்கள் என்பது அரசின் நிலைப்பாடு. தூதர் யாரும் திரும்பி வராதது பணிச்சுமை காரணமாக.

சுனைச்சி வாளிநாச்சியின் தலைக்கு மேலாகப் பாய்ந்தாள். "ஏய்! சட்டம்!" என்ற குரல் பின்னால் எங்கோ கேட்டது. முதல் படி, அடுத்த படி, நுரை, இடி, அதற்கடுத்த படி! உச்சியில் அதே பளபளப்பு ஆடிக்கொண்டிருந்தது. தம்பியைத் தின்ற அந்தப் பொருளை அவள் ஆத்திரத்தோடு கடித்தாள். வாயில் இரும்பு ஏறியது. வானம் தலைகீழாகச் சுழன்றது.

அணைச் சுவரில் தூண்டிலோடு இரண்டு மனிதர்கள். பக்கத்தில் கூடை. கூடைக்குள் உப்பிலியின் செவுள் திறந்து திறந்து மூடியது. பிறகு மூடவேயில்லை.

"முதுகத் தடவிப் பாருடா, துடுப்பு இருக்கா?"

"இருக்கு. காட்டு மீனு. முட்டையோட இருக்கு வேற."

"ஐயோ, விட்ரு விட்ரு! துடுப்பு அறுத்ததத்தான் திங்கலாம். இதத் தொட்டா உள்ள வச்சிருவான்."

அவளை அணைக்கு அந்தப் பக்கம், மேலாற்றில் வீசினார்கள்.

ஆக, அடையாளம் அதற்குத்தான். தின்னத்தக்கது எது என்று தெரிவதற்கு. அவள் விக்கித்துக் கிடந்தபோது பக்கத்தில் தொபுக்கென்று இன்னொருவர் வந்து விழுந்தார். பேரமைச்சர் குழாயரசர். நிழலை முதல் ஆளாக வணங்குவது அவர் வழக்கம்; இம்முறை தூண்டில் அவரையும் இழுத்துவிட்டது. எப்போதும் போர்த்தியிருக்கும் பாசிச் சால்வை நழுவிப் போயிருந்தது. முதுகில் வாலுக்கு முன்னால், முழுசாக, கொழுகொழுவென்று ஒரு துடுப்பு.

"நீங்க... கல்லடியா?"

"சத்தம் போடாதம்மா." அவசரத்தில் மேடைத்தமிழ் கழன்று விழுந்துவிட்டது. "சட்டம் போடுறவனுக்கு முதுகு இருக்கணும்ல? ஒனக்கு ஒரு துறை தரேன். கல்லடியார் நலத்துறை. அந்தச் சால்வைய எடு, கூட்டத்துக்கு நேரமாச்சு."

"எந்தம்பி கூடையில கெடக்கான்யா!"

"வருத்தம் தெரிவிச்சிருவோம்."

சுனைச்சி சால்வையைக் கவ்வினாள். கிழித்தாள். நார் நாராகக் கிழித்து ஓட்டத்தில் துப்பினாள்.

குழாயரசர் அசரவில்லை. அணையின் விளிம்பு தாண்டி அப்படியே கீழே குதித்தார். தொட்டியார் அவர் முதுகைப் பார்த்தார்கள்.

"பெருமக்களே! உங்களுக்காக நான் ஓயாமல் உழைத்ததன் பலனாக, எனக்குத் துடுப்பு மீண்டும் முளைத்துவிட்டது!"

அணை அதிர்ந்தது. வாழ்க, வாழ்க! அந்த இரைச்சலில் காவலுக்கு நின்ற வாளிநாச்சி மட்டும் கேட்டாள்: "எங்களுக்கு எப்ப ஐயா முளைக்கும்?"

"அடுத்த தேர்தலுக்குப் பிறகு."

சுனைச்சி மேலாற்றில் எதிர்நீந்திப் போனாள். தன் வளைவை அடைந்து, வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். வாளிநாச்சி. அவளும் முட்டையோடு இருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில தொட்டிப் பெண்கள்.

"எந்தம்பிய அறுக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தவதானே நீ?"

"நின்னேன்."

"அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?"

"எனக்கும் அறுத்தாங்க. வேணாம்னு சொல்லக்கூட அப்ப எனக்கு வயசு பத்தல."

சுனைச்சி அவளை முறைத்தாள். பிறகு குழியில் பாதி இடம் விட்டு நகர்ந்தாள். வேண்டா வெறுப்பாகத்தான்.

ஆண் மீன்கள் வந்தன. முட்டைகள் கல்லுக்கடியில் கலந்து கிடந்தன. பனி உருகிய பருவத்தில் ஆறு கொப்பளித்ததுபோல் குஞ்சுகள் கிளம்பின. அறுத்தது அம்மாவின் முதுகைத்தான், முட்டைக்கு அது தெரியாது. எல்லாக் குஞ்சுக்கும் முதுகில் துடுப்பு! தொட்டியாள் பெற்றதா, கல்லடியாள் பெற்றதா என்று பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்டால், "எல்லாம் எங்களுதுதான், போ" என்றார்கள்.

குஞ்சுகள் கூட்டமாக அணை இறங்கி மடுவுக்குள் வந்தபோது பேரமைச்சர் பதறிப்போனார். நண்டை அழைத்தார்.

"நாட்டின் ஒருமைப்பாடு ஆபத்தில் இருக்கிறது. துடுப்புள்ள ஒருவரும் தப்பக்கூடாது. உடனே அறுக்கத் தொடங்கு!"

நண்டு குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு பேரமைச்சரின் முதுகைப் பார்த்தது. கொடுக்கை அகலத் திறந்துகொண்டு பணிவாகக் கேட்டது:

"ஐயா, பெரியவங்ககிட்டேருந்து ஆரம்பிச்சிரட்டுங்களா?"