அடக்க ஆராதனைக்கு ஒரு வெப்சைட்

துக்க வீட்டில் செய்யக்கூடாதவை என்று எங்கள் சொந்தக்காரர்கள் நிறைய வைத்திருக்கிறார்கள். பல் தெரியச் சிரிக்கக்கூடாது, வந்தவர்களை 'வாங்க' என்று கூப்பிடக்கூடாது, கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லக்கூடாது. 'வெப்சைட் செய்யக்கூடாது' என்பது மட்டும் அதில் இல்லாமல் இருந்தது. அப்பா இறந்தபோது நான் ஒன்று செய்தேன். இப்போது அதையும் சேர்த்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் நானும் என் மனைவி ஜெனியும் ஒரே தொழில்தான் செய்கிறோம். ஒரே அறை, எதிரெதிர் மேஜை. எதிரில் இருப்பவர் செய்வது தொழிலே இல்லை என்று இருவருக்கும் நினைப்பு. நான் வெப்சைட்டைக் கையால் எழுதுகிறவன். வெறும் திரையில் ஒவ்வொரு வரியாக நானே கோடிங் அடிப்பேன். ஜெனி இழுத்துப் போடுகிற கட்சி. படத்தை இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால், அதற்கான கோடிங்கை அவளுடைய டூலே எழுதிக்கொள்ளும். நான் ஓர் அரிசி ஆலையின் வெப்சைட்டை மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் கல்யாண அழைப்பிதழ்ப் பக்கங்களாகச் செய்து தள்ளியிருப்பாள். வீட்டு வாடகை அந்தக் கல்யாணங்களில்தான் வந்துகொண்டிருந்தது (இதை அப்போது நான் ஒப்புக்கொண்டதே இல்லை).

மெஷின் எழுதும் கோடிங் மூட்டை மூட்டையாக இருக்கும், டவர் இல்லாத இடத்தில் திறக்காது என்பது என் வாதம். அதை நிரூபிக்க ஒருமுறை பைக்கில் கல்வராயன் மலை ஏறி, ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று இரண்டையும் திறந்து பார்த்தேன். என்னுடையது பட்டென்று திறந்தது. அவளுடையது சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெயித்த களிப்பில் இறங்கி வந்து சொன்னேன்.

"அந்த வளைவுல நின்னுக்கினு யாருங்க கல்யாணப் பத்திரிகை பாக்கப் போறாங்க?" என்றாள்.

அப்பா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "கையாலயே எழுதறியா? அப்ப கம்ப்யூட்டரு இன்னாத்துக்கு?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார். ஆனால் எங்கள் சொந்த ஊரான வடக்கனந்தலின் கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும், "எம் பெரிய பையன் எல்லாத்தையும் கையாலயே எழுதுவான்" என்று சொல்லிவைத்திருந்தார். அவர் போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

ஒரு காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் மறுநாள் என்று முடிவானது. தம்பி அருள் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருந்தான். கெஞ்சிப் பார்த்தும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"ண்ணா, மண்ணு போட்றப்ப எனக்குக் காட்டு. நானும் இங்க மண்ணு எடுத்து வச்சிக்கினு நிக்கறேன். நீ போட்றப்ப நானும் போட்டுட்றேன்."

எங்கள் வழக்கத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும், பாஸ்டர் ஜெபம் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் முதலில் மூன்று பிடி மண் போட வேண்டும். பிறகுதான் மற்றவர்கள். அந்த மூன்று பிடியைத்தான் அவன் கேட்டான். வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு அவன் இருக்கும் நாட்டில் தடை. அதனால் ஸ்டூடியோ பாபுவை லைவ் போடச் சொல்லியிருந்தோம்.

"பாபு குடுக்கற லிங்க தம்பிக்கு அப்படியே அனுப்பிட்டா போதுமேங்க" என்றாள் ஜெனி.

போதும்தான். குழந்தைக்குக்கூட அது போதும் என்று தெரியும். ஆனால் பாபுவின் சேனல் முழுக்கக் காதுகுத்தும் பூப்புனித நீராட்டும். அதற்கு நடுவிலா என் அப்பா? அவருக்கென்று ஒரு பக்கம் வேண்டும். மேலே போட்டோ, அதன் கீழ் ஒரு வேத வசனம், அதன் கீழ் லைவ். நானே கையால் எழுதுவேன் என்றேன். உண்மையில் எனக்கு அழுகை வரவில்லை. வீடே அழுதுகொண்டிருந்தது, மூத்த மகன் மட்டும் மரம் மாதிரி நின்றேன். கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்கள். தியாகதுருகத்து அத்தை என் தலையைத் தடவி, "அப்பன் செத்ததுக்குக்கூட எம் புள்ளைக்கு லீவு உடல பாரு, படுபாவிங்க!" என்று இல்லாத ஒரு கம்பெனியைச் சபித்து அழுதாள். நான் மறுக்கவில்லை. அப்பாவின் போட்டோ திரையின் நடுவில் நிற்க மாட்டேன் என்றது. இடம் தள்ளினால் அதிகம் போகிறது, கீழே இறக்கினால் வசனத்தின் மேல் ஏறுகிறது. வேறு நாளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். அன்று உச்சி வெயில் வரை அவர் முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேனே தவிர, பக்கம் முடியவில்லை.

கடைசியில் ஜெனி வந்து லேப்டாப்பைப் பிடுங்கினாள். அவள் செய்த ஒரு கல்யாணப் பக்கத்தைப் பிரதியெடுத்து, மணமக்கள் இருந்த இடத்தில் அப்பாவை வைத்து, லைவையும் சேர்த்துக் கொடுத்தாள். "மேல அந்தக் கவர் மட்டும் இருக்குது. அத மறைச்சிட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கவர் என்பது அவளுடைய அழைப்பிதழ்களின் வாசல். தொட்டால் நாதஸ்வரம் ஒலிக்கும், ரோஜா இதழ் கொட்டும், 'திருமணத்திற்கு வருகிறீர்களா?' என்று கேட்கும். 'கட்டாயம் வருகிறோம்' என்று அழுத்தினால் உள்ளே விடும். 'வர இயலவில்லை' என்று அழுத்தினால் நன்றி சொல்லும். அதை மறைக்கக் கண் படம் போட்ட பட்டன் ஒன்று இருந்தது. அழுத்தினேன், மறைந்தது. லேப்டாப்பில்தான் மறைந்தது. போனில் தெரிவதைத் தனியாக மறைக்க வேண்டும் என்பது அந்த டூலைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும். நான்தான் அதைத் தொடாததையே பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் ஆயிற்றே. அருளும் இருக்கிற குடும்ப குரூப்பில் லிங்க்கைப் போட்டேன்.

எங்கள் சொந்தத்தில் வெப்சைட்டை லேப்டாப்பில் பார்ப்பவன் நான் ஒருவன்தான். முதலில் திறந்தவர் எலவனாசூர்கோட்டை மாமா. காது மந்தம் என்பதால் போன் சத்தத்தை முழுசாக வைத்திருப்பவர். கெட்டிமேளத்தோடு நாதஸ்வரம் கிளம்பியது. அது என்ன என்று பார்க்கப் பக்கத்திலிருந்தவர் தன் போனைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க மங்கல இசை. அத்தை ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "எந்த வூட்ல கல்யாணம்?" என்று கேட்டாள்.

மாமா போனைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, மச்சான் போட்டோ போட்டு 'கல்யாணத்துக்கு வரீங்களா'ன்னு கேக்குது. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

திரையில் அப்பா தங்கச் சட்டத்துக்குள் இருந்தார். மேலே ரோஜா இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. பந்தலில் யாரோ 'களுக்' என்று சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள். ஜெனி உள்ளேயிருந்து ஓடிவந்து, "'கட்டாயம் வருகிறோம்'னு அமுத்துங்க, உள்ள போயிடும்!" என்று கத்தினாள். அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று என் சுற்றமெல்லாம் கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டது. உள்ளே போனவர்கள் தங்களையே லைவில் பார்த்துக்கொண்டார்கள்.

பாஸ்டர் பொறுமையான மனிதர். அவருக்கே முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் போன அணைச்சி வைங்க. கல்லறையில ஒரு போன்கூட சத்தம் போடக்கூடாது" என்றார். வெட்கத்தில் முதலில் அணைத்தவன் நான். அந்தக் கவரை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கோ ஜெனிக்கோ அப்போது தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். மலையும் தெரியும்படி கேமராவை வைக்குமாறு பாபுவிடம் சொன்னேன். அருளுக்கு ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நினைத்தேன். பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை எடுத்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போட்டேன். தம்பி அங்கே குனிந்து எடுக்க வேண்டுமே என்று கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு இரண்டாவது பிடி. மறுபடியும் நிறுத்தினேன். பாஸ்டர்கூட ஜெபத்தை நீட்டிக்கொண்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றாவது பிடி போட்டபோது, இவ்வளவு கூத்துக்கும் நடுவில் இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து போனை உயிர்ப்பித்தேன். திரை முழுக்க அருளின் மிஸ்டு கால்கள். கூப்பிட்டேன்.

"முடிஞ்சிட்ச்சாண்ணா?"

"இன்னாடா சொல்ற? நீ பாக்கல?"

"நன்றினே வருதுண்ணா. மூடிட்டுத் தொறந்தாலும் 'பரவாயில்லை, உங்கள் ஆசி போதும்'னே வருது. பூ கொட்டிக்கினே இருக்குது. உனக்கு அடிச்சேன், ஜெனி அண்ணிக்கு அடிச்சேன், மாமாவுக்கு அடிச்சேன். எல்லாமே சுவிட்ச் ஆஃப்."

"வருகிறோம்னு அமுத்தறதுதானடா?"

"வரலியேண்ணா. அப்பா போட்டோ இருக்குது. அதும் கீழ வரேன்னு எப்படிப் பொய் போட்றது? அதான் வர இயலவில்லைன்னு அமுத்தனேன். மண்ணு இன்னும் கையிலயே கீதுண்ணா."

எங்கள் சொந்தத்தில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனை மட்டும் அந்தப் பக்கம் உள்ளே விடவில்லை.

அந்தப் பக்கத்தை முழுக்க மெஷின் எழுதியது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழி இல்லை. ஒருமுறை தந்த பதிலை நினைவில் வைத்து, மறுபடி திறந்தாலும் அதையே காட்டும் வசதி ஜெனியின் டூலில் கிடையாது. வராதவர்கள் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக் கல்யாண வீட்டாரைக் குழப்புகிறார்கள் என்று அவள் ஒருநாள் அலுத்துக்கொண்டாள். 'கொடு, நான் எழுதித் தருகிறேன்' என்று அலட்டிக்கொண்டு ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்தேன். என் தம்பியை வெளியே நிறுத்திய அந்தச் சில வரிகள் மட்டும் நான் கையால் எழுதியவை. துல்லியமாக வேலை செய்தன. மலை வளைவில்கூட வேலை செய்திருக்கும்.

அப்போதுதான் அழுதேன். கல்லறையில் அழாதவன் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அத்தை அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

பாபுவின் பதிவை அருளுக்கு அனுப்பினோம். அவன் பார்க்கவில்லை. "முடிஞ்சத இன்னாத்தப் பாக்கறது" என்று சொல்லிவிட்டான். இப்போதெல்லாம் நானும் ஜெனியின் டூலில்தான் முக்கால்வாசி வேலை செய்கிறேன். எந்தப் பக்கம் முடித்தாலும், முதலில் போனில் திறந்து 'இல்லை' என்கிற பட்டனைத்தான் அழுத்திப் பார்க்கிறேன். வர முடியாதவனை அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

அடுத்த வருஷம் அருளுக்கு லீவு கிடைத்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவன் பெட்டியைத் திறப்பதைப் பார்க்க எங்கள் தெருவில் எப்போதும் கூட்டம் கூடும். பேரீச்சம்பழம், போர்வை, தைலம், சென்ட் எல்லாம் வந்தது. அடியில் துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா. தங்கம்தான் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். திறந்தால் மணல். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டதற்கு, "எங்கப்பாவுக்கு" என்று சொன்னானாம். யாரையும் கூப்பிடாமல் எழுந்து கல்லறைக்கு நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் ஊர்ச் செம்மண்ணின் மேல் மூன்று பிடி போட்டான். நான் அப்போது கேமராவுக்காக நிறுத்திய மாதிரி அவன் நிறுத்தவில்லை. அவசர அவசரமாகப் போட்டான்.

அம்மா இதைச் சொல்லாத கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. "அவனவன் புள்ள துபாய்லர்ந்து செயின் கொண்டாந்தான், வளையல் கொண்டாந்தான். எம் புள்ள மண்ணு தூக்கியாந்தான்! வடக்கனந்தல்ல இல்லாத மண்ணா?" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அருளும் சிரித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொல்வான்.

"அவருக்குன்னு எடுத்தத வேற எங்கம்மா கொட்றது?"